பணம் செல்லும் பாதை யாருக்குச் சொந்தம்?

2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவில் யுபிஐ வழியாக நடந்த பணப் பரிமாற்றங்களின் எண்ணிக்கை முதன்முறையாக 2,000 கோடியைக் கடந்தது. அந்த ஒரே மாதத்தில் கைமாறிய தொகை 24.85 லட்சம் கோடி ரூபாய். வெவ்வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் இருவர், நள்ளிரவானாலும் விடுமுறை நாளானாலும், சில நொடிகளில், கட்டணம் ஏதுமின்றி ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்கின்றனர். உலகின் மிகப் பெரிய முதலாளித்துவ நாடான அமெரிக்காவில், எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி இன்றும் முழுமையாகக் கிட்டவில்லை. இந்த ஒப்பீட்டைப் பிரதமரும் ஒன்றிய அமைச்சர்களும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மேடைதோறும் எடுத்துரைத்து, தங்கள் ஆட்சியின் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றனர்.

ஒப்பீடு உண்மையானது. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பொய்யானது. ஒரு நாட்டில் சாமானிய மனிதர் எவ்வளவு எளிதாக, எவ்வளவு மலிவாகப் பணம் அனுப்ப முடிகிறது என்பதை அந்த நாட்டின் தொழில்நுட்ப வளமோ, தலைவரின் தொலைநோக்கோ தீர்மானிப்பதில்லை. பணம் செல்லும் பாதையை யார் அமைத்தார்கள், அது யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதன் செலவையும் ஆபத்தையும் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. பல நாடுகளின் அனுபவத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். இந்தியாவில் மக்கள் பணத்தில் உருவான ஒரு பொதுச் சொத்து இன்று எந்தத் திசையில் இழுத்துச் செல்லப்படுகிறது என்பதும் விளங்கும்.

வங்கிகளின் விருப்பத்துக்கு விட்ட அமெரிக்கா

அமெரிக்காவில் சம்பளமும் ஓய்வூதியமும் வங்கிகளுக்கிடையிலான பெரும்பகுதிப் பரிமாற்றங்களும் 1970களில் உருவான ஏசிஎச் என்ற முறையிலேயே இன்றும் செல்கின்றன. பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துத் தீர்வு காணும் இம்முறையில், பணம் மறு கணக்கைச் சென்றடைய ஓரிரு வேலை நாட்கள் ஆவது வழக்கம். வார இறுதியும் விடுமுறையும் குறுக்கிட்டால் காத்திருப்பு இன்னும் நீளும். அன்றே போய்ச் சேர வேண்டுமெனில் ‘வயர்’ முறை இருக்கிறது. அதற்குப் பல வங்கிகள் ஒரு முறைக்கு 25 முதல் 30 டாலர் வரை கட்டணம் வாங்குகின்றன. அமெரிக்க அரசே காகிதக் காசோலை வழங்குவதை நிறுத்துவதற்கு 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது தொழில்நுட்பம் தெரியாத நாட்டின் நிலை அல்ல. உலகுக்கே கணினியையும் இணையத்தையும் விற்கும் நாட்டின் நிலை. தாமதத்தால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால் விடை கிடைக்கும். சம்பளம் வெள்ளிக்கிழமை கணக்கில் ஏறாமல் திங்கட்கிழமை ஏறினால், இடைப்பட்ட நாட்களில் வாடகைக்கும் மளிகைக்கும் பணம் எடுக்கும் தொழிலாளியின் கணக்கு பற்றாக்குறைக்குச் செல்கிறது. அதற்கு வங்கி தண்டக் கட்டணம் விதிக்கிறது. கணக்கில் போதிய பணம் இல்லாததற்காக விதிக்கப்படும் இத்தகைய கட்டணங்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க வங்கிகள் 1,500 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாக அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. கையில் இருப்பு வைத்திருப்பவருக்கு இரண்டு நாள் தாமதம் பொருட்டல்ல. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவருக்கு அதுவே வட்டியாகவும் அபராதமாகவும் மாறுகிறது.

பெரிய வங்கிகள் தங்களுக்குள் சேர்ந்து 2017இல் உடனடிப் பரிமாற்றத்துக்கென ஒரு கட்டமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டில் ஏழு பெரிய வங்கிகளுக்குச் சொந்தமான ‘செல்’ என்ற சேவையும் வந்தது. அதில் இணைந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் விரைவாகப் பணம் அனுப்பிக்கொள்ள முடிந்தது. நாட்டின் மைய வங்கியான பெடரல் ரிசர்வ் தானே ஒரு பொதுப் பாதையை அமைக்கப்போவதாக 2019 ஆகஸ்டில் அறிவித்தபோது, ஏற்கெனவே தனியார் பாதை இருக்கையில் இது எதற்கு என்று பெரிய வங்கிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பெரிய வங்கிகளின் பிடியில் சிக்க விரும்பாத சிறிய வங்கிகளும் நுகர்வோர் அமைப்புகளும் அதை வரவேற்றன. ‘பெட்நவ்’ என்ற அந்தச் சேவை 2023 ஜூலை 20 அன்றுதான் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதில் சேர்வது வங்கிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விளைவு, நாட்டிலுள்ள ஏறத்தாழ 9,000 வங்கிகளிலும் கடன் சங்கங்களிலும் ஐந்தில் ஒரு பங்கு கூட இரண்டு ஆண்டுகளில் அதில் இணையவில்லை.

அரசு கட்டாயப்படுத்திய இடங்களில்

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ பணம் அனுப்பினால் மூன்று வேலை நாட்கள் ஆயின. அரசு நியமித்த டான் குரூக்ஷாங்க் குழு 2000ஆம் ஆண்டிலேயே, பணப் பரிமாற்ற அமைப்பு முழுவதும் ஒருசில பெரிய வங்கிகளின் பிடியில் இருப்பதைக் கடுமையாக விமர்சித்தது. அரசின் நெருக்குதலுக்குப் பின்னரும் உடனடிப் பரிமாற்ற முறையை வங்கிகள் தொடங்குவதற்கு 2008 மே மாதம் வரை ஆனது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நொடிகளில் பணம் அனுப்பும் வசதியை வங்கிகள் 2017 முதல் தாமாக முன்வந்து வழங்கலாம் என்றிருந்தது. 2022 தொடக்கத்தில் யூரோ பரிமாற்றங்களில் நூற்றுக்குப் பதினொன்று மட்டுமே அந்த வகையில் நடந்தன. உடனடிச் சேவைக்குப் பல வங்கிகள் தனிக் கட்டணம் வாங்கின. இறுதியில் 2024இல் ஒன்றியம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. யூரோ நாணயப் பகுதியின் வங்கிகள் 2025 ஜனவரி 9 முதல் உடனடிப் பணத்தை ஏற்க வேண்டும். அக்டோபர் 9 முதல் அனுப்பவும் வேண்டும். சாதாரணப் பரிமாற்றத்துக்கு வாங்குவதைவிட ஒரு காசு கூடுதலாக வாங்கக்கூடாது. பெறுநரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்பதை இலவசமாகச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சந்தைப் போட்டி ஏழு ஆண்டுகளில் செய்யாததைச் சட்டம் ஓராண்டில் செய்ய வைத்தது.

பிரேசிலின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2020 ஜூனில் வாட்ஸ்அப் நிறுவனம் தன் பணப் பரிமாற்றச் சேவையை அந்நாட்டில் தொடங்கிய சில நாட்களிலேயே மைய வங்கி அதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று, மைய வங்கியே வடிவமைத்து, தன் உடைமையில் வைத்து இயக்கும் ‘பிக்ஸ்’ நடைமுறைக்கு வந்தது. 5 லட்சத்துக்கு மேல் கணக்குகள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் சேர்வது கட்டாயமாக்கப்பட்டது. தனிநபர்களுக்குக் கட்டணம் இல்லை. மக்கள் தத்தம் வங்கியின் செயலியிலிருந்தே அதைப் பயன்படுத்துகின்றனர். வலதுசாரியான பொல்சனாரோவின் ஆட்சிக் காலத்தில்தான் இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆட்சியில் இருந்தவரின் கொள்கைச் சாய்வையும் மீறி மக்களுக்குப் பயன் கிடைத்ததென்றால், அதற்குக் காரணம் அந்தப் பாதையை ஒரு பொது நிறுவனம் அமைத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான்.

இதை அமெரிக்க ஏகாதிபத்தியம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் உலகம் கண்டது. 2025 ஜூலையில் டிரம்ப் நிர்வாகம் பிரேசில் மீது தொடங்கிய வர்த்தக விசாரணையில், அந்நாட்டின் மின்னணுக் கொடுப்பனவுக் கொள்கையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்க்கப்பட்டது. அரசே உருவாக்கிய சேவைக்கு முன்னுரிமை தருவது அமெரிக்க நிறுவனங்களைப் பாதிக்கக்கூடும் என்பதே வாதம். ஒரு நாட்டின் ஏழை மக்கள் கட்டணமின்றிப் பணம் அனுப்பிக்கொள்வது, வாஷிங்டனின் பார்வையில் நேர்மையற்ற வர்த்தகம்!

சீனத்தில் அலிபே, வீசாட் பே என்ற இரு தனியார் சேவைகள் வேரூன்றிய பிறகு அரசு தலையிட்டது. வங்கிகளுடன் நேரடியாக இணைந்து, தீர்வு முறையைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்த அந்நிறுவனங்கள், 2018 ஜூன் முடிவுக்குள் மையமான ஒரு தீர்வு அமைப்பின் வழியாகவே செயல்பட வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. வாடிக்கையாளர்களின் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அவை வட்டி ஈட்டிய நிலை மாறி, 2019 ஜனவரியில் அந்த நிதி முழுவதும் மைய வங்கிக்கு மாற்றப்பட்டது.

கென்யாவோ வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 2007இல் சபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய ‘எம்பெசா’, வங்கிக் கணக்கே இல்லாத கிராம மக்களுக்குச் சாதாரணக் கைப்பேசியில் பணம் அனுப்பும் வாய்ப்பைத் தந்தது. உலகமே அதைப் புகழ்ந்தது. அந்தப் புகழில் உண்மையும் உண்டு. ஆனால் பாதை ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருப்பதால், மிகச் சிறிய தொகைகள் நீங்கலாக, ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் எடுக்கும்போதும் தொகைக்கேற்ற கட்டணத்தை ஏழைகள் அந்த நிறுவனத்துக்குச் செலுத்திக்கொண்டே இருக்கின்றனர்.

இந்தியாவின் பாதையை அமைத்தவர்கள்

மும்பையிலும் சூரத்திலும் கொல்கத்தாவிலும் உழைத்த பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப நெடுங்காலம் அஞ்சலகத்தின் மணியார்டரையே நம்பியிருந்தனர். 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் தரகு. அதாவது நூற்றுக்கு ஐந்து. பணம் வீடு சேரப் பல நாட்கள் ஆகும். அங்கிருந்து இன்றைய நிலைக்கு இந்தியா வந்தது ஒரே பாய்ச்சலில் அல்ல.

1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டதால்தான் கிராமங்களுக்கு வங்கிக் கிளைகள் சென்றன. ரிசர்வ் வங்கி 2004இல் ஆர்டிஜிஎஸ், 2005இல் நெப்ட் ஆகிய முறைகளைத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டின் கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் அடிப்படையில், லாப நோக்கற்ற அமைப்பாக இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2008 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. அதை நிறுவிய பத்து வங்கிகளில் ஆறு பொதுத்துறை வங்கிகள். அக்கழகம் 2010இல் தொடங்கிய ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறையின் மேல்தான் யுபிஐ கட்டப்பட்டது. யுபிஐ அறிமுகமானது 2016 ஏப்ரல் 11 அன்று. பணமதிப்பு நீக்கம் அதற்கு ஏழு மாதம் கழித்து வந்தது. அந்தப் பேரழிவின் குழந்தையாக யுபிஐயைச் சித்தரிப்பது வரலாற்றைத் திரிப்பதாகும்.

ஜன் தன் கணக்குகளையும் இதே கண்ணோட்டத்தில் காண வேண்டும். 55 கோடிக்கும் மேற்பட்ட அந்தக் கணக்குகளில் நான்கில் மூன்றுக்கும் மேலானவை பொதுத்துறை வங்கிகளில் திறக்கப்பட்டவை. லாபம் தராத வாடிக்கையாளரைத் தனியார் வங்கிகள் தேடிச் செல்லவில்லை. தனியாருக்கு விற்கத் துடிக்கும் அதே பொதுத்துறை வங்கிகளின் தோளில் ஏறி நின்றுகொண்டுதான் ஒன்றிய அரசு தன் சாதனையைப் பறைசாற்றுகிறது. 2017இல் 27ஆக இருந்த பொதுத்துறை வங்கிகளின் எண்ணிக்கையை இணைப்புகளின் மூலம் 2020 ஏப்ரலில் 12ஆகக் குறைத்ததும் இதே அரசுதான்.

பொதுச் சாலையில் தனியார் வாசல்

சாலையைப் பொதுப் பணத்தில் அமைத்துவிட்டு, அதில் நுழையும் வாசலைத் தனியாரிடம் விட்டுவிடுவது இந்திய ஆட்சியாளர்களின் பழகிய வழிமுறை. யுபிஐயில் நடப்பதும் இதுவே. மொத்தப் பரிமாற்றங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகளின் வழியாக நடக்கின்றன. முன்னதில் பெரும்பங்கு வால்மார்ட்டுக்குச் சொந்தம். பின்னது கூகுளின் உடைமை. கொடுப்பனவுக் கழகமே 2016 டிசம்பரில் கொண்டுவந்த பீம் செயலி ஒரு ஓரத்தில் கிடக்கிறது.

எந்த ஒரு செயலியும் மொத்தப் பரிமாற்றத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கையாளக்கூடாது என்று 2020 நவம்பரில் கழகம் விதி வகுத்தது. ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருந்த நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்தக் கெடு 2024 டிசம்பருக்குத் தள்ளப்பட்டது. பிறகு 2026 டிசம்பர் 31க்குத் தள்ளப்பட்டது. ஒரு ஜன் தன் வாடிக்கையாளர் தன் ஆவணங்களைப் புதுப்பிக்கத் தவறினால் கணக்கு முடங்குகிறது. வால்மார்ட்டும் கூகுளும் விதியை மீறினால் விதி ஒத்திவைக்கப்படுகிறது.

பணத்தை உண்மையில் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பும் வேலையை வங்கிகளே செய்கின்றன. அவற்றில் முதலிடம் பாரத ஸ்டேட் வங்கிக்கு. கணினிச் செலவும், தடங்கல் ஏற்பட்டால் வாடிக்கையாளரின் கோபமும் வங்கிக்கு. கோடிக்கணக்கான குடிமக்கள் எங்கே, எப்போது, எதற்குச் செலவிடுகின்றனர் என்ற விவரமும், அதைக் கொண்டு கடனும் காப்பீடும் முதலீட்டுத் திட்டமும் விற்கும் வாய்ப்பும் செயலி நிறுவனங்களுக்கு.

கட்டணம் என்ற கத்தி

2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வணிகர் கழிவுக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக ஒன்றிய அரசு ஊக்கத்தொகை வழங்கிவந்தது. 2023-24இல் 3,600 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த அந்தத் தொகை, பரிமாற்றங்கள் பெருகியபோதும், 2024-25க்கு 1,500 கோடி ரூபாயாகச் சுருக்கப்பட்டது. 2025 மார்ச்சில் கொடுப்பனவு நிறுவனங்களின் சங்கம், பெரிய வணிகர்களிடம் 0.3 சதவீதக் கட்டணம் வாங்க அனுமதி கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. செலவை யாரேனும் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் அதே ஆண்டில் பேசினார். கட்டணம் விதிக்கும் திட்டம் இல்லை என்று நிதியமைச்சகம் மறுத்தது. ஆனால் மானியத்தை வெட்டிவிட்டு, பிறகு இழப்பைக் காட்டி, கடைசியில் கட்டணத்தைக் கொண்டுவரும் பாதையைச் சமையல் எரிவாயு விஷயத்தில் மக்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சேவைக்குச் செலவு உண்டு என்பதில் ஐயமில்லை. பொதுச் சாலைக்கும் குடிநீருக்கும் செலவு இருப்பதைப் போன்றதே இது. வரவு செலவுத் திட்டத்திலிருந்து அதை ஈடுகட்டுவதே முறை. அந்தத் தொகையும் பாரத்தைச் சுமக்கும் வங்கிகளுக்குச் செல்ல வேண்டுமே தவிர, விவரங்களை வைத்துக் காசு பார்க்கும் செயலி நிறுவனங்களுக்கு அல்ல. பெரிய வணிகருக்கு மட்டும் என்று தொடங்கும் கட்டணத்தின் வரம்பு எத்தனை நாள் அங்கேயே நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளின் அடிப்படையில் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டபோது, பெங்களூரில் பலர் கியூஆர் அட்டைகளை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டுமே வாங்கினர். சிறு வணிகரின் நம்பிக்கை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அது உணர்த்தியது.

இந்தப் பொதுக் கட்டமைப்புக்கே போட்டியாகத் தனியார் கட்டமைப்பை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. லாப நோக்கில் இயங்கும் புதிய குடை அமைப்புகளைத் தொடங்க 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அழைப்பு விடுத்தது. டாடா, ரிலையன்ஸ், அமேசான், கூகுள், ஃபேஸ்புக் ஆகியவை இடம்பெற்ற கூட்டணிகள் வரிசையில் நின்றன. வங்கி ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. கிடப்பில் போடப்பட்டது எப்போது வேண்டுமானாலும் எடுக்கப்படலாம்.

பறிபோனால் யார் பொறுப்பு?

நொடியில் பணம் போகும் என்றால் நொடியில் பறிபோகவும் கூடும். ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, 2024இல் இணைய நிதி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைப் போல் மூன்று மடங்கு. இதில் ஓய்வூதியரின் வாழ்நாள் சேமிப்பும் உண்டு. கூலித் தொழிலாளியின் ஒரு மாத வருவாயும் உண்டு.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பிவிட்டவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தர வேண்டும். அதை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஏற்க வேண்டும். மோசடிக்காரருக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியும் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் பொருள். தங்கள் பணம் போகும் என்றவுடன் வங்கிகளுக்குச் சந்தேகத்துக்குரிய கணக்குகளைக் கண்டுபிடிக்கும் அக்கறை வருகிறது. இந்தியாவிலோ 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிமாற்றத்துக்கே முதன்மையாகப் பாதுகாப்புத் தருகிறது. ரகசிய எண்ணைப் பகிர்ந்துவிட்டால் அவரது கவனக்குறைவு என்று கணக்கு முடிக்கப்படுகிறது. 1930 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாலோரின் கதி.

வேகம் கணக்கை நிரப்பாது

பணம் அனுப்புவது எளிதானதால் அனுப்பப் பணம் வந்துவிடாது. ஜன் தன் கணக்கு ஒன்றில் உள்ள சராசரி இருப்பு 5,000 ரூபாயைக் கூடத் தொடவில்லை. ஏறத்தாழ 13 கோடிக் கணக்குகள், அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை, செயலற்றுக் கிடப்பதாக 2025இல் அரசே ஒப்புக்கொண்டது.

ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிக் கூலிப் பட்டுவாடா கட்டாயமாக்கப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் கூலி நின்றுபோவதும், தொழிலாளி அறியாமலேயே அவரது ஆதாருடன் இணைந்த வேறொரு கணக்கில் கூலி போய் விழுவதும் பல மாநிலங்களில் வெளிவந்த உண்மைகள். உலகின் வேகமான பரிமாற்ற முறையைக் கொண்ட நாட்டில், செய்த வேலைக்கான கூலிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வது தொழில்நுட்பத்தின் குறையல்ல. நிதியை விடுவிக்க மனமில்லாத அரசின் குறை. கணக்கில் வந்த கூலியை ரொக்கமாக எடுக்கப்போனால், இலவச வரம்புக்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. ஸ்மார்ட்போன் இல்லாதவரும் எழுத்தறியாத முதியவரும் கிளைகளையும் ஏடிஎம்களையுமே நம்பி வாழ்கின்றனர். கிளைகளில் ஆள் நியமனத்தைக் குறைத்துவிட்டு மின்னணுப் பெருமை பேசுவது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம்.

எல்லை தாண்டும் பணம்

நாட்டுக்குள் இலவசமாக ஓடும் பணம் எல்லையைத் தொட்டவுடன் நிதி மூலதனத்தின் சுங்கச்சாவடியில் நிற்கிறது. உலக வங்கியின் கணக்குப்படி 200 டாலரை வேறு நாட்டுக்கு அனுப்ப ஆகும் சராசரிச் செலவு ஆறு சதவீதத்துக்கும் மேல். இதை 2030க்குள் மூன்று சதவீதத்துக்குக் குறைப்பதாக ஐ.நா. இலக்கு வைத்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2024இல் மட்டும் ஏறத்தாழ 12,900 கோடி டாலர் அனுப்பிய, வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் உழைக்கும் கேரளத்து, தமிழகத்து, தெலுங்கானத்து, உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளர்களின் வியர்வையிலிருந்தும் இந்தக் கழிவு பிடிக்கப்படுகிறது. அமெரிக்காவோ ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2026 ஜனவரி 1 முதல் ஒரு சதவீத வரியும் விதித்துள்ளது. வங்கிக் கணக்கு இல்லாத குடியேறிகளே அதில் முதலில் அடிபடுவர்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. இரு நாடுகளின் பொதுக் கட்டமைப்புகள் நேரடியாகக் கைகோத்தால் இடைத்தரகு குறையும் என்பதை அது காட்டியது. 2022 மார்ச்சில் ரஷ்ய வங்கிகள் ஸ்விப்ட் தகவல் முறையிலிருந்து நீக்கப்பட்டு, விசாவும் மாஸ்டர்கார்டும் வெளியேறியபோது, ரஷ்யாவுக்குள் அட்டைகள் தொடர்ந்து இயங்கியது அந்நாடு 2014 முதலே கட்டிவந்த சொந்தத் தேசிய அமைப்பினால்தான். பணப் பாதை ஒரு நாட்டின் இறையாண்மையின் பகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. கொடுப்பனவுக் கழகம் ரிசர்வ் வங்கியும் பொதுத்துறை வங்கிகளும் பெரும்பான்மை பெற்ற, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பொது நிறுவனமாக இருக்க வேண்டும். தனிநபருக்கும் சிறு வணிகருக்கும் கட்டணமில்லை என்பது அமைச்சகத்தின் மறுப்பறிக்கையாக இல்லாமல் சட்டமாக வேண்டும். ஏமாற்றப்பட்டவருக்கு ஈடு தரும் பொறுப்பை வங்கிகளும் செயலி நிறுவனங்களும் ஏற்க வேண்டும். கூலிப் பட்டுவாடாவில் ஆதார் கட்டாயம் கைவிடப்பட வேண்டும். ரொக்கம் எடுப்பதற்கான கட்டணம் நீக்கப்பட்டு, கிளைகளில் ஊழியர்கள் நியமிக்கப்பட வேண்டும். வளைகுடா நாடுகளுடன் பொதுக் கட்டமைப்பு வழியான நேரடி இணைப்பு விரைவுபடுத்தப்பட வேண்டும்.

இவற்றை வங்கி ஊழியர் அரங்கில் மட்டும் பேசிப் பயனில்லை. தெருவோர வியாபாரிகள், புலம்பெயர் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், ஓய்வூதியர்கள் ஆகிய ஒவ்வொரு பகுதியினருக்கும் இதில் நேரடியான நலன் உண்டு. தங்கள் கையிலிருக்கும் கியூஆர் அட்டையின் பின்னால் உள்ள இந்த அரசியலை அவர்களிடம் எடுத்துச் செல்வது கட்சி அணிகளின் கடமை. இரு பன்னாட்டு நிறுவனங்களுக்கான 30 சதவீத வரம்பின் கெடு 2026 டிசம்பர் 31. அந்தக் கெடு மூன்றாவது முறையும் ஓசையின்றித் தள்ளிப்போடப்படுவதைத் தடுப்பதிலிருந்து இந்த இயக்கம் தொடங்கட்டும்.